பச்சைச் சிப்பியுணவு: சுவையும் அபாயமும்

சிப்பி என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மக்களின் நினைவுக்கு முதலில் வருவது முத்தேயாகும். மன்னார்க் கடலிலே பன்னூறு ஆண்டுகளாக நடைபெற்றுவந்த முத்துக்குளிப்பின் புகழினால், சிப்பியை அணிகலத்தோடு தொடர்புபடுத்தி எண்ணும் வழக்கமே அவர்களிடையே மேலோங்கி நின்றது. மேனாட்டு மக்களுட் பலருக்கோ சிப்பி சிறந்ததோர் உணவுப் பொருள். அதனையும் அவர்கள் சமைத்து உண்பதோடு அமையாது, பச்சையாகவே உண்பர். ஓட்டினைக் கத்தியாற் பிளந்து, பனிக்கட்டியின்மேற் பரப்பி, எலுமிச்சம் பழச்சாறு சில துளி பிழிந்து, பெரும்பாலும் உயிர் நீங்காத நிலையிலுள்ள தசையை அதன் நீரோடு சேர்த்து விழுங்குவர். பரிஸ், இலண்டன், நியூயோர்க் முதலிய நகரங்களிலே விருந்தினரை மதிப்போடு உபசரிப்பதற்கு ஏற்ற உணவாக இது கருதப்படுகின்றது.

பாலைக் காய்ச்சிக் கிருமி நீக்கியும், குடிநீரை வடித்துத் தூய்மை செய்தும், சுகாதார விதிகள் பலவற்றை வகுத்தும் வாழும் மக்கள், இவ்வொரு பொருளை நெருப்பிற் காட்டாது உண்பது ஏன்? அவ்வாறு உண்பதனால் விளையும் தீங்கு யாது? அத்தீங்கு எங்ஙனம் அறியப்பட்டது? அதனைத் தடுக்கும் வழிகள் எவ்வளவிற்குப் பயன் தந்துள்ளன? இவ்வினாக்களுக்கு விடை காணப் புகின், உணவைப் பற்றிய ஆராய்ச்சி நீரைப் பற்றிய ஆராய்ச்சியாக மாறுவதைக் காணலாம். ஏனெனில், சிப்பியைப் பச்சையாக உண்பவன் அச்சிப்பி வாழ்ந்த நீரையும் உடன் உண்கின்றான். அதன் சுவைக்கும் அபாயத்துக்கும் காரணம் இவ்வொன்றே.

இங்குக் கூறப்படும் உணவுச் சிப்பி, முத்துச் சிப்பியின் வேறானது. இரண்டும் இரட்டை ஓடுடைய மெல்லுடலிகளே எனினும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. முத்துச் சிப்பி நார் போன்ற இழைகளாற் பாரைப் பற்றிக்கொண்டு வாழ்வது. உணவுச் சிப்பியோ தன் ஓடுகளுள் ஒன்றையே பாறையோடு ஒட்டிக்கொண்டு, பின்னர் தானாக அவ்விடத்தை விட்டு அகலாது வாழ்வது. ஐரோப்பாவின் தட்டைச் சிப்பி, அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்சிக்கோக் குடாவிலும் காணப்படும் சிப்பி, யப்பானியக் கடலோரங்களிலிருந்து உலகெங்கும் பரவிய பசுபிக் சிப்பி என்பன இவற்றுள் முக்கியமானவை.

சிப்பியுணவின் வரலாறு மிகப் பழையது. கி.மு. முதலாம் நூற்றாண்டளவில் சேர்கியஸ் ஒராற்றா என்னும் உரோமர், நேப்பிள்ஸ் நகருக்கு அணித்தாயுள்ள லூக்கிரைன் ஏரியிலே சிப்பிகளை வளர்த்துப் பெரும் பொருள் ஈட்டினார் என்பதை மூத்த பிளினியின் நூலால் அறிகின்றோம். உரோமச் செல்வர் விருந்துகளில் இவ்வுணவு மிகுந்த இடம் பெற்றிருந்தது. அக்காலத்திலேயே இதனை வெறுத்தோரும் இருந்தனர். சிப்பியும் காளானும் பசி தீர்க்கும் உணவல்ல, நிறைந்த வயிற்றையும் மேலும் உண்ணத் தூண்டுவன எனக் கருதிய செனக்கா என்னும் தத்துவ ஆசிரியர், அவற்றைத் தம் வாழ்நாள் முழுவதும் விலக்கினார். ஆனால் சிப்பி எக்காலத்தும் செல்வரின் உணவாகவே இருந்ததென எண்ணுதல் தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இலண்டன் மாநகரத்து ஏழை மக்கள் அதனை மலிவாக வாங்கி உண்டனர். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836ஆம், 1837ஆம் ஆண்டுகளில் எழுதிய பிக்விக் பற்றிய நாவலிலே, வறுமையும் சிப்பியும் சேர்ந்தே காணப்படுவதை ஒரு பாத்திரத்தின் வாயிலாக நகைச்சுவையோடு கூறியுள்ளார். பின்னர் அளவுக்கு மீறி வாரியெடுத்தமையாற் சிப்பிப் படுகைகள் வறிதாயின, விலையும் ஏறிற்று, ஏழையின் உணவு செல்வரின் உணவாயிற்று.

இவ்வுணவின் சுவைக்கு விஞ்ஞானம் கூறும் காரணங்கள் சில உள. சிப்பி தன் உடலிலே கிளைக்கோசன் என்னும் மாப்பொருளைச் சேமித்து வைக்கின்றது. குளிர் மிகுந்த மாதங்களில் இச்சேமிப்பு நிறைந்திருத்தலால் தசை கொழுத்து இனிய சுவை பெறும். முட்டையிட்டபின் அச்சேமிப்புக் குறைந்து உடல் மெலிந்து நீர்த்துப்போம். மேலும், குளுத்தாமிக் அமிலம், கிளைசீன் முதலிய அமினோ அமிலங்கள் அதன் தசையிலே தனித்த நிலையில் மிகுதியாகக் காணப்படுகின்றன. நாவிலே நெடுநேரம் நின்று ஊறும் சுவையை அளிப்பவை இவையே. இவற்றோடு கடல்நீரின் உப்பும் கலக்கின்றது. சத்தை நோக்கினும் சிப்பி குறைந்ததன்று. நாகம் என்னும் உலோகச் சத்துச் சிப்பியில் உள்ள அளவுக்கு வேறெந்த உணவிலும் காண்டல் அரிது. இரும்பும் விற்றமின் பி12உம் அதில் நிறைய உண்டு.

சமைத்தவிடத்து இச்சத்துக்களுட் பெரும்பாலானவை எஞ்சியிருப்பினும், சுவை வேறாகிவிடுகின்றது. வெப்பத்தினாற் புரதம் இறுகித் தசை சுருங்கும். உள்ளிருக்கும் உப்புநீர் வெளியேறும். ஆகவேதான் இச்சுவையிற் பழகியோர் நெருப்பை வேண்டார். அவர்கள் இன்னும் ஒரு நயத்தைப் பாராட்டுவர். ஒரே இனச் சிப்பியாயினும் ஒரு குடாவில் வளர்ந்ததற்கும் மற்றொரு குடாவில் வளர்ந்ததற்கும் சுவையில் வேறுபாடு உண்டு. நீரின் உப்பளவு, அதிற் கலக்கும் ஆற்று நீர், அங்கு வளரும் நுண்ணிய பாசிகள் ஆகிய யாவும் சிப்பியின் சுவையை மாற்றும். எனவே உணவுச்சாலைகளிலே சிப்பிகள் அவை பிறந்த கடலின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. உண்போர் பெருமையோடு கூறும் இச்செய்தியே சுகாதார அறிஞரின் கவலைக்கும் காரணமாகும். நீரின் நலம் அனைத்தும் சிப்பியிற் சேருமாயின், நீரின் தீமை மாத்திரம் சேராதிருக்குமா?

சிப்பி உணவு பெறும் முறையை அறிந்தால் இது தெளிவாகும். ஓடிய இரையைத் துரத்திப் பிடிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆதலால் நீரையே தன்பால் வருவித்து வடித்து உண்கின்றது. அதன் பூக்களிலே, அதாவது நீரிற் சுவாசிப்பதற்குரிய உறுப்புக்களிலே, மிக நுண்ணிய பிசிர்கள் நிறைந்துள்ளன. அவை இடையறாது அசைந்து நீரை உள்ளே இழுக்கும். அந்நீரிலுள்ள பாசித்துகள்கள் பூக்களிற் சுரக்கும் பசையில் ஒட்டிக்கொள்ள, அவை வாய்க்குக் கொண்டு செல்லப்படும். வளர்ந்த சிப்பியொன்று சாதகமான நிலையில் நாளொன்றுக்கு 150 இலீற்றருக்கும் மேற்பட்ட நீரை இவ்வாறு வடிக்க வல்லது. நீரிலே நோய்க் கிருமிகள் சிலவே இருப்பினும், இத்துணை நீரை வடிக்கும் உடலில் அவை பன்மடங்காகத் திரளுமன்றோ? மீனை உண்போர் அதன் குடலை அகற்றிவிட்டே உண்பர். சிப்பியை உண்போர் குடலோடு உண்பர். பச்சையாக உண்ணும்போது, அக்குடலிலே திரண்டவற்றைக் கொல்வதற்கு இடையில் நெருப்பும் இல்லை.

இவ்வுண்மை ஆராய்ச்சிச்சாலையில் மாத்திரம் கண்டறியப்பட்டதன்று. மனித உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது. 1894ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்து மிடில்ரவுண் நகரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நெருப்புக் காய்ச்சல் தோன்றியது. மாணவர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், நால்வர் மாண்டனர். அங்கு உயிரியற் பேராசிரியராக இருந்த எச். டபிள்யு. கொன் என்பவர் காரணத்தைத் தேடினார். நோயுற்றோரிற் பெரும்பாலோர் மூன்று மாணவர் சங்கங்களைச் சேர்ந்தவர்களாக இருந்தனர். அச்சங்கங்கள் ஒக்ரோபர் 12ஆம் நாள் இரவு புதிய உறுப்பினரை வரவேற்று விருந்து நடத்தியிருந்தன. விருந்துகளிற் பரிமாறப்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கிவர, இறுதியில் எஞ்சி நின்றது பச்சைச் சிப்பியே. ஆழ்ந்த கடலிலிருந்து எடுக்கப்பட்ட அச்சிப்பிகளை, விற்குமுன் பருக்கச் செய்தற்பொருட்டு ஆற்று முகத்தின் நன்னீரிலே ஓரிரு நாள் இட்டு வைத்திருந்தனர். அவ்விடத்துக்கு அணித்தாய் ஒரு வீட்டின் கழிவுநீர் ஆற்றில் விழுந்தது. அவ்வீட்டில் அக்காலத்தில் நெருப்புக் காய்ச்சல் நோயாளர் இருந்தனர். இவ்வாறு நோயாளரின் வீட்டிலிருந்து மாணவரின் விருந்து மேசை வரையுள்ள வழி முழுவதும் புலனாயிற்று.

எட்டு ஆண்டுகளின் பின் இங்கிலாந்தில் நடந்த நிகழ்ச்சி இதனினும் பரவலாகப் பேசப்பட்டது. 1902ஆம் ஆண்டு நொவெம்பர் 10ஆம் நாள் வின்செஸ்ரர், சவுதாம்ரன் ஆகிய இரு நகரங்களிலும் நகர முதல்வரின் விருந்துகள் தனித்தனியே நடைபெற்றன. இரண்டிலும் எம்ஸ்வேர்த் என்னும் துறைமுகத்துச் சிப்பிகள் பரிமாறப்பட்டன. விருந்தினருள் நூற்றுவருக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறத்தாழ இருபதின்மரை நெருப்புக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. வின்செஸ்ரர்ப் பேராலயத்தின் தலைமைக் குருவாகிய வில்லியம் ஸ்ரீவன்ஸ் என்பவர் அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் அந்நோயினால் இறந்தார். அரசாங்கத்தின் சார்பில் ஆராய்ந்த வைத்தியர் புல்ஸ்றோட், எம்ஸ்வேர்த்தின் சிப்பிக் குளங்களுக்கு அருகே ஊர்க் கழிவுநீர் கடலில் விழுவதை எடுத்துக்காட்டினார்.

இதில் ஆழ்ந்து நோக்குதற்குரியது ஒன்றுண்டு. குழாய்களின் மூலம் ஊரின் அழுக்கை அகற்றும் முறை சுகாதார முன்னேற்றத்தின் அடையாளமாக அக்காலத்திற் போற்றப்பட்டது. ஊர் தூய்மையாயிற்று, ஆனால் அவ்வழுக்கு எங்குச் சென்று சேர்ந்தது என்பதைப் பலர் எண்ணவில்லை. அது கடலிற் சேர்ந்தது. கடலிலிருந்து சிப்பியிற் சேர்ந்தது. சிப்பியின் வழியாக மீண்டும் ஊர்ப் பெரியோரின் உணவுத் தட்டிற் சேர்ந்தது. எம்ஸ்வேர்த்தின் சிப்பி வணிகராகிய பொஸ்ரர் என்பவர், தம் குளங்களை மாசுபடுத்திய உள்ளூர்ச் சபையின்மீது வழக்குத் தொடுத்தார். 1906ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் அத்துறைமுகத்தின் சிப்பித் தொழில் தன் பழைய நிலையை மீண்டும் அடையவில்லை. வழக்கில் வெல்லலாம், மாசடைந்த நீரையும் இழந்த நம்பிக்கையையும் தீர்ப்பொன்றினால் மீட்டல் எளிதன்று.

அமெரிக்காவிலே 1924ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1925ஆம் ஆண்டின் முற்பகுதி வரை நெருப்புக் காய்ச்சல் சிக்காகோ, நியூயோர்க், உவாசிங்ரன் முதலிய நகரங்களிற் பரவிற்று. சுமார் 1,500 பேர் நோயுற்றனர். ஏறக்குறைய 150 பேர் இறந்தனர். இதற்கும் பச்சைச் சிப்பியே காரணமெனக் கண்டனர். மக்கள் அஞ்சிச் சிப்பியைக் கைவிடவே, வணிகர் தாமே அரசாங்கத்தின் உதவியை நாடினர். 1925ஆம் ஆண்டு பெப்ருவரியில் நாட்டின் பொதுச் சுகாதாரத் தலைமை வைத்தியர் கூட்டிய மகாநாட்டிலே புதிய விதிகள் வகுக்கப்பட்டன. அவ்விதிகளின் அடிப்படை இரண்டாகும். ஒன்று, கடைக்கு வந்த சிப்பியைச் சோதிப்பதோடு நில்லாமல் அது வளரும் நீரைச் சோதித்தல்; மற்றொன்று, எந்த நீரிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் குறிப்பைச் சிப்பிப் பொதியோடு இறுதிவரை கொண்டு செல்லுதல். நோய் தோன்றுமாயின் உணவு மேசையிலிருந்து படுகை வரை வழி தேடிச் செல்வதற்கு அக்குறிப்பே துணையாகும்.

ஐரோப்பிய நாடுகளிலும் இத்தகைய முறை நிலைபெற்றுள்ளது. மலத்தினால் நீர் மாசுற்றதா என்பதைக் காட்டுவதற்கு ஈ. கோலை என்னும் பற்றீரியா அடையாளமாகக் கொள்ளப்படுகின்றது. சிப்பித் தசை 100 கிராமில் அதன் தொகை பொதுவாக 230க்கு மேற்படாத நீரே முதல் வகுப்பாகும். அந்நீரின் சிப்பியை நேரே உண்பதற்கு விற்கலாம். அதனிற் குறைந்த நீரின் சிப்பியைத் தூய நீர்த் தொட்டிகளில் இட்டு, அது தானே தன் குடலைக் கழுவிக்கொள்ளுமாறு செய்தல் வேண்டும். பிரித்தானியாவில் இத்தொட்டி நீரைப் புற ஊதாக் கதிர்களால் தூய்மை செய்து, சிப்பிகளைக் குறைந்தது 42 மணி நேரம் அதில் வைப்பது வழக்கம். எந்தச் செயலாற் சிப்பி நஞ்சைத் திரட்டியதோ, அந்தச் செயலாலேயே அதனை வெளியேற்றச் செய்யும் இம்முறை அறிவு நுட்பம் வாய்ந்தது. நெருப்புக் காய்ச்சல் அந்நாடுகளிற் சிப்பியின் வழியாகப் பரவுதல் பெரிதும் ஒழிந்தமைக்கு இவையும், ஊர்களின் பொதுச் சுகாதாரம் உயர்ந்தமையும் காரணங்களாகும்.

ஆயினும் இம்முறைகளுக்கு எல்லை உண்டு. பற்றீரியாக்கள் தூய நீரிற் கழுவுண்டு போவது போல வைரசுகள் எளிதிற் போவதில்லை. வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும் நோரோவைரசு சிப்பியின் சமிபாட்டு உறுப்பிலுள்ள இழையங்களைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் நிற்கும். ஈரலழற்சி வைரசும், அதாவது செங்கமாரியை உண்டாக்கும் ஏ வகை வைரசும், அவ்வாறே நெடுநாள் நிலைக்கும். இதன் கொடுமையை உலகுக்குக் காட்டியது 1988ஆம் ஆண்டிற் சீனாவின் சங்காய் நகரில் நிகழ்ந்த பெருநோயாகும். அவ்வாண்டின் முதல் மாதங்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செங்கமாரியால் வருந்தினர். முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அயல் மாகாணத்துக் கடலோரத்திலிருந்து வந்த ஒருவகை மட்டியே காரணம். அந்நகர மக்கள் அதனை முற்றும் பச்சையாக உண்பவரல்லர். கொதிநீரை அதன்மேல் ஊற்றி, ஓடு சிறிது விரிந்தவுடன் எடுத்து உண்பர். மேலோட்டமான அச்சூடு உள்ளே சென்று வைரசைக் கொல்லப் போதியதன்று. அரைகுறையாகச் சமைத்த உணவு பச்சையுணவே என்பதை இந்நிகழ்ச்சி நன்கு உணர்த்திற்று.

இதுகாறும் கூறிய தீங்குகள் யாவும் மனிதரின் அழுக்கினால் நீருக்கு வந்தவை. இனிக் கூறப்படுவது நீருக்கு இயல்பாகவே உரியது. ஆங்கிலப் பெயரிலே ஆர் என்னும் எழுத்து இல்லாத மாதங்களில், அதாவது மே தொடக்கம் ஓகஸ்ற் வரையுள்ள மாதங்களில், சிப்பியை உண்ணலாகாது என்பது மேனாட்டாரின் பழைய விதி. சிப்பி முட்டையிடும் காலமாதலாற் சுவை குன்றும் என்பதும், வெப்ப காலத்திற் பொருள் விரைவிற் கெடும் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். பிற்கால ஆராய்ச்சி அவ்விதிக்கு மற்றொரு காரணத்தையும் காட்டிற்று. வாந்திபேதிக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த விபிரியோ வல்னிபிக்கஸ் என்னும் பற்றீரியா, வெதுவெதுப்பான உவர்நீரிலே இயல்பாக வாழ்கின்றது. நீரின் வெப்பம் 20 பாகை சென்ரிகிரேட்டுக்கு மேற்படும்போது அது பெருகும். கழிவுநீர் ஒரு துளியும் கலவாத கடலிலும் அஃது இருக்கலாம். ஆகவே ஈ. கோலைச் சோதனை அதனைக் காட்டிக்கொடாது.

நல்ல உடல்நலம் உடையோரை இக்கிருமி பெரும்பாலும் கடுமையாகத் தாக்குவதில்லை. ஆனால் ஈரல் நோயர், நீரிழிவு நோயர், குருதியில் இரும்புச் சத்து மிகையாகச் சேரும் நோயுடையோர், நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றியோர் ஆகியோருக்கு இது கூற்றுவனாகும். குடலிலிருந்து குருதியிற் புகுந்து, ஓரிரு நாட்களுக்குள் காய்ச்சலும் குளிரும் உண்டாக்கி, கால்களிலே கொப்புளங்களை எழுப்பும். குருதியில் இவ்வாறு பரவப்பெற்றோருள் ஏறத்தாழப் பாதிப் பேர் இறக்கின்றனர். பச்சைச் சிப்பியோடு மது அருந்துவோர், மது கிருமியைக் கொல்லுமென நம்புவதுண்டு. அது கொல்லுவதில்லை. எலுமிச்சம் சாறும் காரக் குழம்பும் கொல்லுவதில்லை. நெடுங்காலம் மது அருந்தி ஈரல் கெட்டவன், தன் ஈரல் கெட்டதை அறியாமலே, அம்மதுவைக் காவலென நம்பிச் சிப்பியை உண்பானாயின், அவனுடைய நிலை இரங்கத்தக்கதன்றோ? அவனுக்கு எச்சரிக்கை செய்ய நாவுக்கும் மூக்குக்கும் ஆற்றல் இல்லை. கிருமி நிறைந்த சிப்பியும் கிருமியற்ற சிப்பியும் தோற்றத்திலும் மணத்திலும் சுவையிலும் ஒன்றே.

இங்கே அறிவிப்புப் போதுமா, தடைச் சட்டம் வேண்டுமா என்னும் வினா எழுகின்றது. கலிபோர்ணியா மாநிலம் 1991ஆம் ஆண்டு முதல், மெக்சிக்கோக் குடாச் சிப்பியை விற்குமிடங்களில் எச்சரிக்கை அறிவிப்பு வைக்கவேண்டுமென விதித்தது. அதன் பின்னரும் 2001ஆம் ஆண்டு வரையில் நாற்பதின்மர் அம்மாநிலத்தில் இக்கிருமியால் இறந்தனர். 2003ஆம் ஆண்டில் அம்மாநிலம் ஏப்பிரில் முதல் ஒக்ரோபர் வரையுள்ள காலத்திற் குடாவிலிருந்து எடுக்கப்படும் சிப்பியை, கிருமி நீக்கும் முறைக்கு உட்படுத்தினாலன்றி விற்றலாகாது எனத் தடை செய்தது. அதன் பின் அத்தகைய மரணங்கள் அங்கு இல்லாதொழிந்தன என 2009ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தார் எடுத்துக்காட்டினர். இதனைக் கொண்டு நாடு முழுவதற்கும் அவ்விதியை விரிக்க அவ்வாண்டில் அவர்கள் முயன்றபோது, குடாவோர மாநிலங்களின் சிப்பித் தொழிலாளரும் மக்கட் பிரதிநிதிகளும் கடுமையாக எதிர்த்தனர். உயரழுத்தத்தினாலோ விரைந்து உறையச் செய்வதாலோ மெல்லிய சூட்டினாலோ கிருமியைக் குறைத்த சிப்பி பழைய சிப்பியாகாது என்றும், சிறு தொழில் புரிவோர் அச்செலவைத் தாங்கார் என்றும், உண்பதும் விடுவதும் உண்பவன் உரிமை என்றும் அவர்கள் வாதித்தனர். அம்முயற்சி அவ்வாண்டிலேயே பின்போடப்பட்டது.

இரு பக்கத்திலும் பொருள் உண்டு. தன் உடலின் நிலையை அறிந்தவன், அபாயத்தையும் அறிந்து, விரும்பி ஒன்றை உண்பானாயின் அவனைத் தடுப்பது எளிதில் நியாயப்படுத்தக்கூடியதன்று. ஆனால் அறிவிப்பு என்பது படிப்பவனுக்கும், தன் நோயை அறிந்தவனுக்குமே பயன்படும். நாற்பதின்மர் மரணம் காட்டும் உண்மை இதுவே. தன் ஈரலில் நோய் இருப்பதை அறியாதவன், ஈரல் நோயருக்கென எழுதப்பட்ட அறிவிப்பைத் தனக்கென எண்ணமாட்டான். உரிமை என்னும் சொல் பொருளுடையதாவதற்கு அறிவு முன் நிற்றல் வேண்டும்.

காலநிலை மாற்றமும் இவ்வினாவைக் கடினமாக்குகின்றது. 2004ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அலாஸ்காக் கடலிற் சென்ற உல்லாசக் கப்பலொன்றின் பயணிகள் அவ்வூர்ப் பச்சைச் சிப்பியை உண்டு வயிற்று நோய்க்கு ஆளாயினர். அதற்குக் காரணமான விபிரியோ பராகீமோலிற்றிக்கஸ் என்னும் கிருமி, அத்துணை வடக்கிலே சிப்பி நோயை உண்டாக்கியதாக அதற்கு முன் அறியப்படவில்லை. முன்னர் அறியப்பட்ட எல்லையிலிருந்து 1,000 கிலோமீற்றர் வடக்கே அது தோன்றிற்று. அக்கோடையிலே சிப்பி வளர்த்த நீரின் வெப்பம் 15 பாகைக்குக் குறையாதிருந்தமை காணப்பட்டது. கடல்நீர் வெப்பமடையுந்தோறும், குளிர்நீர் எனக் கவலையற்றிருந்த இடங்களும் காவலை வேண்டி நிற்கின்றன.

தமிழர் வாழும் கரையோரங்களில் மட்டி முதலியவற்றை அவித்தோ கறியாக்கியோ உண்பதே பெருவழக்கு. கிருமிகளைப் பொறுத்தவரையில் அவ்வழக்கம் நன்று. ஓடு விரிந்தவுடன் இறக்கிவிடாது, தசையின் உட்புறம் 90 பாகை வெப்பத்தில் 90 செக்கன் நேரமாவது இருக்குமாறு சமைத்தால், மேலே கூறிய பற்றீரியாக்களும் வைரசுகளும் அழியும். ஆனால் நெருப்பும் தீர்க்கமாட்டாத ஒரு தீங்கு உண்டென்பதை மறத்தலாகாது. கடலிற் சில காலங்களிலே பெருகும் நுண்பாசிகள் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்குவன. அவற்றை வடித்துண்ட சிப்பியிலும் மட்டியிலும் அந்நஞ்சு தங்கும்; சமையற் சூட்டினால் அது நீங்காது. 1793ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கப்பற்றலைவர் வான்கூவரின் ஆட்கள் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலே மட்டிகளைச் சுட்டு உண்டனர். யோன் கார்ட்டர் என்னும் மாலுமி சில மணி நேரத்தில் இறந்தான். 1981ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலும் இந்நஞ்சினால் மட்டி உண்டோர் மூவர் இறந்ததாகப் பதிவுண்டு. எனவே சமைத்து உண்போருக்கும் நீரின் நிலை பற்றிய கவலை வேண்டுவதே.

இதுவரை கூறியவற்றாற் பெறப்படும் முடிபுகள் சிலவாகும். ஈரல் நோயர், நீரிழிவு நோயர், கருவுற்ற பெண்கள், குழந்தைகள், முதியோர் ஆகியோர் சிப்பியைப் பச்சையாக உண்ணாதிருத்தல் வேண்டும், இதற்கு விலக்கில்லை. மற்றையோர் உண்ண விரும்பின், அது எந்த நீரில் வளர்ந்தது, எப்பொழுது எடுக்கப்பட்டது, எடுத்தது முதல் குளிரில் வைக்கப்பட்டதா என்பவற்றை வினாவி அறிதல் வேண்டும். விற்பவன் விடை கூற இயலாதாயின் உண்ணாது விடுதலே அறிவு. தட்டியபோதும் ஓட்டை மூடாத சிப்பி இறந்ததாகும். அதனை அகற்றுதல் வேண்டும். விருந்து வைப்போர் தம் விருந்தினருள் நோயர் இருத்தல் கூடும் என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். வின்செஸ்ரரில் இறந்தவர்கள் தாமே தேடிச் சென்று சிப்பியை வாங்கியவரல்லர்; விருந்தளித்தவரை நம்பி உண்டவர்கள்.

எல்லாவற்றினும் மேலானது நீரைக் காத்தலாகும். ஒரு சோலையின் கனியை உண்பவன் மரத்தைக் கழுவி உண்பதில்லை; கனியைக் கழுவினாற் போதும். சிப்பியிலோ கழுவுதற்குரிய புறம் இல்லை. அதன் அகமெல்லாம் கடலின் அகமே. கழிவுநீரைக் கடலில் விடும் நகரம், தான் விட்டதை ஒருநாள் தன் உணவாகப் பெறும் என்பதை மிடில்ரவுணும் எம்ஸ்வேர்த்தும் சங்காயும் காட்டியுள்ளன. சிப்பியை உண்ணாத மக்களுக்கும் இப்பாடம் உரியதே. மீனுக்கும் உப்புக்கும் தொழிலுக்கும் கடலையே நம்பி வாழும் நாட்டினர், தம் கரையிற் சிப்பியை எவ்வித அச்சமுமின்றி எடுத்து உண்ணக்கூடியதாக அக்கடல் இருக்கின்றதா என்று வினாவுதல் தகும். அக்கடலின் தூய்மைக்கு அதனினும் நுண்ணிய சோதனை வேறில்லை.